கிழித்த முதல் பக்கம்

குரோருட், ஒஸ்லோ
18 நவம்பர் 2004, வியாழன்

இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

லண்டனிலிருந்து அம்மாவின் தங்கை, சின்னம்மா, தொலைபேசியில் அழைத்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். சின்னம்மாவின் யாழ்ப்பாணத்துச் சீதன வீட்டில் சித்தப்பா விவாகரத்து வழக்கில் பங்கு கேட்கிறார். அது சின்னம்மாவுக்கே உரியது என்று காட்ட, சீதனம் பெண்ணுக்கே சொந்தம் என்று சொல்லும் வெள்ளைக்காரர் காலத்து இலங்கைச் சட்டப் புத்தகத்தை அப்பா அனுப்பியிருந்தார்.

“அரசாங்க அச்சகத்திலை அடிச்சது எண்டு புத்தகத்திலையே இருந்தால்தான் கோட்டிலை சாட்சியமா எடுப்பினமாம். அது இருக்கிற முதல் பக்கத்தைக் காணேல்லை, அத்தான்,” என்றார் சின்னம்மா.

“அதிலை ஊர் வாசிகசாலை முத்திரை கிடந்தது. களவெடுத்தது எண்டு நினைப்பினம் எண்டு கிழிச்சு எறிஞ்சிட்டன்,” என்றார் அப்பா. “வேறை பிரதி எடுப்பம்.”

“நாளைக்கு விசாரணை. உங்கடை மானம் தப்பிட்டுது, அத்தான். என்ரை வீடு கையைவிட்டுப் போட்டுது.”

சின்னம்மா தொலைபேசியை வைத்துவிட்டார். அப்பா இன்னும் சமையலறையில்தான் இருக்கிறார். அவர் இருக்கும்போதே அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.