சிவப்புப் பட்டை போட்ட பன்னிரண்டு பெட்டிகள்

என் அன்பு அண்ணனுக்கு,

போன வாரம் அக்கா வந்திருந்தாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்குப் பொறுக்காது. திருகோணமலையிலிருந்து கப்பல், ரயில் என்று மாறி மாறி வந்து சேர்ந்தாள், நீ போய் மூன்று மாதம் கழித்து. கூடவே அவளுடைய இரண்டாவது பிள்ளை செலின். அதற்கு உன் மூக்கு அப்படியே வந்திருக்கிறது, பாவம்.

மதினியும் பிள்ளைகளும் சுகம். இங்கே நம் போபோடி சந்தில் குழாய்த் தண்ணீர் இப்போதும் காலை ஐந்து மணிக்குத்தான்.

உனக்குக் கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத உன்மேல் கோபம்தான் வருகிறது.

மூன்று வருடத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் ஞாபகம் இருக்கிறதா? இலங்கையில் புயல், கிழக்குக் கரை முழுக்க நாசம் என்று ரேடியோ சொன்னது. அக்காவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவள் நம் சபையை விட்டு, கத்தோலிக்க ஆர்.சி. மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனதிலிருந்து ஒன்பது வருடமாக நீ அவள் பேரைச் சொன்னதில்லை. அவள் கடிதம் வந்தால் நான் சாப்பாட்டு வேளையில் சத்தமாகப் படிப்பேன், உன் காதில் விழட்டுமே என்று. "ரசத்த ஊத்து" என்பாய். அவ்வளவுதான்.

நம் தமிழ்ச் சபை நிவாரணம் திரட்ட முடிவு செய்ததும் கமிட்டிக்கு நீதான் சட்டாம்பிள்ளை. கோவிலுக்குப் பின்னால் இருந்த ஹாலில் கம்பளியும் சட்டையும் பால் பவுடரும் குவிந்தன. கிழிசல் கொண்டுவந்தவர்களை முகத்துக்கு நேரே திருப்பி அனுப்பினாய். "நாம உடுத்தாதத அவங்க மட்டும் எதுக்கு உடுத்தணும்?" நான் பட்டியல் எழுதினேன், நீ பெட்டி அடித்தாய். அக்கா பேர் எழுதிய ஒரு பொட்டலத்தை நான் போர்வைகளுக்கு நடுவில் செருகினேன். அதை நீ கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் வெளியே எடுத்துப் போட்டாய்.

"நிவாரணம்னா எல்லாருக்கும் பொது. சொந்தக்காரங்களுக்கு அனுப்பணும்னா போஸ்ட் ஆபீசுக்குப் போ."

"அங்க போஸ்ட் ஆபீசே இருக்கோ இல்லியோ, யாருக்குத் தெரியும்?" என்றேன்.

நீ அடுத்த ஆணியை எடுத்து அடித்தாய். அன்றோடு உன்னிடம் பேசுவதை நிறுத்தினேன். நாலு பேர் முன்னால் என் மானம் போனதுகூடப் பெரிதில்லை. கூடப் பிறந்தவள் உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாத நேரத்தில் இவனுக்குச் சட்டம் பெரிதாகிவிட்டதே என்றுதான் ஆத்திரம்.

பன்னிரண்டு பெட்டிகள் லாரியில் பம்பாய்க்குப் போயின. நாலாம் நாள் போதகர் ஐயாவுக்குத் தந்தி வந்தது. துறைமுகத்தில் நம் பெட்டிகளைத் தனியாக ஒதுக்கி, சுற்றிலும் மணல் வாளி வைத்து, காவலுக்குப் போலீஸ்காரரையும் நிறுத்தியிருக்கிறார்களாம். உடனே ஆள் வர வேண்டுமாம்.

வேறென்ன? பதினெட்டு வருடம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் பிரிவில் இருந்தவன் நீ. விலாசத்தை அழகாக எழுதிவிட்டு, கை போன போக்கில் ஒவ்வொரு பெட்டியிலும் வெடிப்பெட்டிக்குப் போடும் சிவப்புப் பட்டையையும் தீட்டிவிட்டாய். சபையில் பாதிப் பேருக்கு அதே தொழிற்சாலையில்தான் வேலை. அதனால் ஒருத்தர் கண்ணுக்கும் அது தப்பாகப் படவில்லை. நமக்குப் பெட்டி என்றாலே அப்படித்தான் இருக்கும்.

பட்டியல் என் கையெழுத்து என்பதால் நானும் உன்னோடு வரவேண்டியதாயிற்று. ரயிலில் நீ ஜன்னல் பக்கம், நான் எதிரே. பம்பாய் வரை ஒரு பேச்சில்லை.

ஒவ்வொரு பெட்டியாக நீயே ஆணி பிடுங்கினாய். நான் பட்டியலைப் படிக்க, துறைமுக அதிகாரி சரிபார்த்தார். ஒன்பதாவது பெட்டி வந்ததும், "இது கம்பளிதான் சாப், மேலாகப் பார்த்தால் போதும்" என்று இந்தியில் குழைந்தாய். அப்படிச் சொன்னால் எந்த அதிகாரி விடுவார்? எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார். அடியில் ஒரு கத்தரிப்பூ நிறப் புடவை இருந்தது. ஒரு பையன் சட்டை, இரண்டு கவுன். எல்லாம் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்த புதுசு. குண்டூசியில் குத்திய சீட்டில் உன் கையெழுத்து, அக்கா பேர்.

"யே கிஸ்கே லியே?" என்றார் அதிகாரி. இது யாருக்கு?

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "மேரி பெஹன் ஹை, சாப். துஃபான் மே க்யா ஹுவா, பதா நஹி."

என் சகோதரி, புயலில் என்ன ஆனாளோ தெரியவில்லை. ஒன்பது வருடம் கழித்து அவளை உன் கூடப் பிறந்தவள் என்று நீ சொன்னது முன்பின் தெரியாத ஒருவரிடம், அதுவும் இந்தியில். எனக்குப் பட்டியலே கண்ணுக்குத் தெரியவில்லை. பத்தாவது பெட்டியை இரண்டு தடவை படித்தேன்.

அந்த மனிதர் நல்லவர். இருக்கட்டும், அப்படியே வை என்று கையை ஆட்டினார். நீ கேட்கவில்லை. சீட்டைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, துணிகளைப் பிரித்து வேறு வேறு பெட்டிகளில் மற்றவற்றோடு கலந்துவிட்டாய். எதற்கு அண்ணே? என் கண்ணில் பட்டுவிட்ட வெட்கமா? நீ போட்ட சட்டத்துக்கு நீயும் கட்டுப்பட வேண்டும் என்ற நியாயமா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பும்போது கர்ஜத் ஸ்டேஷனில் படாட்டா வடை வாங்கி என் மடியில் வைத்தாய். "மதினிட்டகூடச் சொல்லாத, கிரேசி. அவட்ட சொல்லவே சொல்லாத, கேட்டியா?" சரி என்றேன். அக்கா பிள்ளைகளை நீ படத்தில்கூடப் பார்த்ததில்லை. நான் படித்த கடிதங்களையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய் என்பது ரயில் மலை ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு மாதம் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. கூரை போய்விட்டது, பிள்ளைகள் சுகம். நீ எழுந்து வெளியே போய், செவ்வாய்க்கிழமையும் அதுவுமாக ஆட்டுக்கறி வாங்கி வந்தாய். அன்றைக்காவது அவளுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? எழுதுவாய், எழுதுவாய் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அக்காவைக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்த பிறகு கேட்டாள்: "என்னைக்காவது என்னயப் பத்தி ஒரு வார்த்த கேட்டானாட்டி?"

சொல்லிவிட்டேன். பெட்டி, பட்டை, சீட்டு, எல்லாவற்றையும்.

அந்தத் துணிகள் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்று அவள் கேட்கவில்லை. "எந்த வயசுக்குத் தச்சிருந்தான்?" என்றாள்.

"சட்ட ஏழு வயசுக்கு இருக்கும். கவுன் ஒண்ணு அஞ்சுக்கு, ஒண்ணு ரெண்டுக்கு."

அக்கா புயல் வருடத்தை வைத்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். மூத்தவன், செலின், சின்னவள்.

"சரியாத்தான் இருந்திருக்கும்," என்றாள். அப்புறம்தான் அழுதாள். செலின் பயந்துபோய் என் பின்னால் வந்து நின்றுகொண்டது.

வருகிற ஈஸ்டர் கழிந்து செலினுக்குப் புதுநன்மை, அவர்கள் கோவிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் தாய்மாமன் எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கமாம். சொல்லிவிட்டு அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் எடுத்து அனுப்புகிறேன் அண்ணே, உன் பேரைச் சொல்லித்தான் அனுப்புவேன். எங்க மாமா தச்சுக் கொடுத்தது என்று அந்தப் பிள்ளை திருகோணமலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியட்டும். ஆர்.சி. கோவிலுக்கா என்று நீ முறைத்தாலும் சரி, இனிமேல் நீ அவள்மேல் வைத்த பாசத்தை நான் யாரிடமும் மறைக்கப்போவதில்லை.

உன் சொல் கேளாத தங்கை,
கிரேசி