நடு வரிசையில் மூன்றாவது முகம்

கோகந்த்,
செப்டம்பர் 18, 1937

என் ஒரே அண்ணனும், வேறு கிடைக்காததால் அன்புக்குரிய அண்ணனுமான எர்காஷுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உன் பங்கு சம்சாவையும் நானே சாப்பிடுவதால் நான் கூடுதல் நலம்.

இந்த வருடம் எங்களுக்கு நவீன உலக வரலாறு. கமோல் ஐயா பிரெஞ்சுப் புரட்சி நடத்துகிறார். முதல் பாடத்தில் அரசன் தலை போனது. அதை வாங்கியவர்கள் தலை அடுத்த பாடத்தில் போனது. அவர்கள் தலையை வாங்கியவரின் தலை, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் போய்விட்டது. நான் எழுந்து கேட்டேன்: "ஐயா, இவங்களைத் தலைவர்கள்னு எழுதணுமா, தலை போனவர்கள்னு எழுதணுமா?"

"லுத்ஃபி, உன் வாயை எந்தப் புரட்சியில கொண்டுபோய் விடறதுன்னு தெரியல, உட்காரு" என்றார். சிரிப்பை அடக்கியதில் அவர் காது சிவந்துவிட்டது.

அப்போதுதான் தலைமையாசிரியர் வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். காதின் சிவப்பு இறங்கிவிட்டது. "எல்லாரும் நம்ம குடியரசு வரலாற்றுப் புத்தகத்தை எடுங்க. முதல் படத்துல வலது ஓரத்துல நிக்கறவரை மையால மூடுங்க. மீசை நுனிகூடத் தெரியக் கூடாது" என்றார். போன வாரம் அந்த மனிதரைப் பற்றித்தான் ஒரு பக்கம் மனப்பாடம் செய்தோம்! சனோபர் பயந்துபோய், "ஏய், இவர் பொறந்த ஊரு பரீட்சையில வருமாடி?" என்றாள். "பொறக்கவே இல்லைன்னு எழுது, முழு மதிப்பெண்" என்றேன்.

மெய்யெழுத்து எழுதப் பழகிய கை, இப்போது மையெழுத்து எழுதுகிறது. வீடுகளிலும் இதே கதைதான். அடுத்த தெரு துணிக்கடைக்காரர் 'மக்களின் எதிரி' என்று பிடிபட்ட அன்றே, அவர் மனைவி கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை முகத்துக்கு மை பூசி மாட்டிவிட்டாள். மை விழுந்தால் ஆள் போய்விட்டார் என்று இப்போது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்.

அம்மா அக்ரூட்டும் உலர் திராட்சையும் அனுப்புகிறாள். மூட்டை லேசாக இருந்தால் தபால்காரரைச் சந்தேகிக்காதே. நான்தான்.

உன் தங்கை என்பதை மறுக்க முடியாத,
லுத்ஃபி

⁂

தாஷ்கண்ட்,
அக்டோபர் 2, 1937

என் குட்டிப் பிசாசுக்கு,

மூட்டை வந்தது. லேசாகத்தான் வந்தது.

உன் கடிதத்தைப் படித்து விடுதியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். லுத்ஃபி, புரட்சியில் தலை போனவர்களைப் பற்றி எத்தனை வேண்டுமானாலும் எழுது. புத்தகத்து மையைப் பற்றி எழுதாதே. இங்கே எங்கள் வகுப்பில் ஐந்தாறு இருக்கைகள் காலி. காரணம் கேட்கிறவர் இல்லை. அண்ணனுக்காக இதை மட்டும் கேள்.

வருகிற கோடையில் படிப்பு முடிகிறது. எந்த ஊரில் போட்டாலும் நான் வரலாற்று ஆசிரியர்தான். நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொடுக்க ஆசை. எவ்வளவு தூரம் முடியும் என்று பார்க்கிறேன்.

எங்கள் வகுப்பின் படம் இத்துடன். நடு வரிசையில் மூன்றாவது நான். கோட்டு என்னுடையது அல்ல, அறைத்தோழனுடையது. அப்பா பார்க்கிற மாதிரி மாட்டு. ஆலையில் எல்லோரிடமும் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாராமே!

அன்பு அண்ணன்,
எர்காஷ்

⁂

கோகந்த்,
அக்டோபர் 15, 1937

இரவல் கோட்டு இளவரசருக்கு,

படம் வந்தது. வீட்டு நீதிமன்றம் உடனே கூடியது. நீதிபதி நான், சாட்சி பூனை. ஊருக்குப் போனவன் தங்கைக்குத் தலைநகரிலிருந்து ஒரு சடை நாடாகூட வாங்கி அனுப்பவில்லை என்பது குற்றச்சாட்டு. பூனை மறுக்கவில்லை. தீர்ப்பின்படி நடு வரிசை மூன்றாவது முகத்துக்கு மை! மீசை நுனிகூடத் தெரியவில்லை, கமோல் ஐயா பார்த்தால் முழு மதிப்பெண் போடுவார். வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறேன். இனி நீ பிறக்கவே இல்லை. உன் மெத்தையும் எனக்கே.

கோபப்படாதே. கண்ணாடியின் மேல்தான் பூசினேன், துடைத்தால் போய்விடும். நாடா வந்தால் முகம் வரும்.

நாளை பள்ளியோடு பருத்தி எடுக்கப் போகிறோம். அம்மா நமன்கானில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். அப்பா பருத்திக் கொள்முதலுக்கு ஊர் ஊராய்ச் சுற்றுகிறார், எங்களுக்கு முன்பே வீடு திரும்புவார். கதவைத் திறந்ததும் உன் திருமுகம்! அவர் மூஞ்சியைப் பார்க்க நான் இருக்க மாட்டேனே என்பதுதான் வருத்தம்.

நீதிபதி,
லுத்ஃபி

⁂

தாஷ்கண்ட்,
அக்டோபர் 30, 1937

லுத்ஃபி,

உன் கடிதம் காலையில் வந்தது. மத்தியானம் கல்லூரிக் குழு என்னைக் கூப்பிட்டது. மேசையில் அப்பாவுடைய ஆலையிலிருந்து வந்த தகவல் இருந்தது. கட்சிக் கூட்டத்தில் அப்பா தானாக எழுந்து, என் மகன் மக்களின் எதிரி, இன்றோடு அவன் எனக்கு மகன் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

குழுத் தலைவர், "பெத்த அப்பனே சொல்றாரு. அவருக்குத் தெரிஞ்சது எங்களுக்குத் தெரியலையே! நீயே சொல்லு, என்ன செஞ்சே?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? அதுவரை என்மேல் ஒரு குறையும் இல்லை. இப்போது படிப்பை நிறுத்தி, விடுதியைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பதிலைப் பெரிய தபால் நிலைய முகவரிக்கு எழுது.

உன் கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. அப்பா படத்தைப் பார்த்திருக்கிறார். நான் பிடிபட்டதாகச் செய்தி கேட்டு அம்மாதான் மை பூசியிருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார்.

நான் உன்னைத் திட்டவில்லை. அப்பாவை அழைத்துக்கொண்டு ஆலைக் குழுவுக்குப் போ. "மை பூசியது நான், விளையாட்டுக்குப் பூசினேன்" என்று சொல். அவ்வளவுதான். அதை அவர்கள் இங்கே எழுதி அனுப்பினால் நான் பிழைப்பேன். இல்லாவிட்டால் விஷயம் கல்லூரியோடு நிற்காது.

எர்காஷ்

⁂

கோகந்த்,
நவம்பர் 7, 1937

அண்ணா,

நான் பருத்தி எடுத்துவிட்டு வந்தபோது வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். படம் குப்புறக் கிடந்தது. "எப்ப தெரிஞ்சுதும்மா? யார் வந்து சொன்னாங்க?" என்றார். நான் சிரித்துவிட்டேன் அண்ணா. சிரித்துக்கொண்டே, "நான்தாம்பா பூசினேன், நாடா வாங்கித் தரல" என்றேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "எங்க ஆலை ரஹிம் தன் தம்பியை மறுக்க ரெண்டு நாள் தயங்கினான். எங்கே அவன் இப்ப? நான் டீகூடக் குடிக்காம ஓடிப் போய்ச் சொன்னேன்டி. உங்க ரெண்டு பேரையாவது காப்பாத்தலாம்னு ஓடினேன்" என்றார். "இப்பப் போய்ச் சொல்லுங்கப்பா" என்றேன். "என்னன்னு சொல்லட்டும்? கட்சிகிட்டப் பொய் சொன்னேன், எல்லாரும் கை தட்டினீங்க, அதைத் திருப்பிக் குடுங்கன்னா?"

அம்மா வந்துவிட்டாள். எதுவும் சாப்பிடுவதில்லை. உன் மெத்தையில் படுத்திருக்கிறாள்.

நான் தனியாகவே போகிறேன். யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கமோல் ஐயாவைக் கேட்டேன். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு, "எங்கிட்ட எதுவும் கேக்காதேம்மா" என்றார். பரவாயில்லை. வகுப்பில் இத்தனை பேர் நடுவில் திறக்கிற வாய், அங்கே திறக்காதா? எனக்குப் பயம் கிடையாது, உனக்குத் தெரியுமே. புரட்சி நாள் விடுமுறை முடிந்ததும் போகிறேன். சத்தியம்.

லுத்ஃபி

⁂

தாஷ்கண்ட்,
நவம்பர் 14, 1937

என் தங்கமே,

நீ போகிறேன் என்று எழுதியதைப் படித்த பிறகுதான் தூங்கினேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரொட்டிக் கடைக்காரர் மாவு மூட்டைகளுக்கு நடுவில் படுக்க விடுகிறார். கதகதப்பாக இருக்கிறது. கோட்டுக்காரத் தோழன் நேற்று எதிரே வந்தான். என்னைப் பார்த்ததும் குனிந்து செருப்பு நாடாவைக் கட்டினான். அவன் போட்டிருந்தது நாடா இல்லாத செருப்பு. உனக்குச் சிரிப்பு வரும் என்று எழுதுகிறேன்.

இந்த வாரக் கடைசியில் என் பெயர் மேலிடத்துக்குப் போகிறதாம். கோகந்திலிருந்து மறுப்பு வந்தால் நிறுத்திவைப்பதாகக் குழுச் செயலாளர் சொன்னார், நல்ல மனிதர். பதற்றப்படாமல் பேசு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். வேடிக்கை வேண்டாம்.

அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவை எழுப்பிச் சாப்பிடவை.

உன் அண்ணன்,
எர்காஷ்

⁂

கோகந்த்,
நவம்பர் 18, 1937

குடிமகன் எர்காஷ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இதுவே என் கடைசிக் கடிதம். இதன் நகல் குழுவிடம் இருக்கிறது.

நான் ஆலைக் குழுவின் முன் போனேன். யாரும் அழைத்துப் போகவில்லை. படத்தில் மை பூசியது நான் என்று சொன்னேன். அதைத்தான் நீங்களும் கேட்டிருந்தீர்கள்.

தலைவர் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். "விளையாட்டுக்குப் பூசினியா, இல்லை விஷயம் தெரிஞ்சு பூசினியா பாப்பா? நல்லா யோசிச்சுச் சொல்லு. விளையாட்டுன்னா உங்கப்பா கட்சியை ஏமாத்தியிருக்காரு, நீ கட்சியைக் கிண்டல் பண்ணியிருக்கே. ரெண்டையும் எழுதிக்கணும்" என்றார். டீ சூடாக இருந்தது. ஆறும்வரை அவர் அவசரப்படுத்தவில்லை.

விஷயம் தெரிந்துதான் பூசினேன் என்று சொன்னேன். என்ன விஷயம் என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொடுக்க ஆசை, எவ்வளவு தூரம் முடியும் என்று பார்க்கிறேன் என நீங்கள் எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். அதில் காலி இருக்கைகளைப் பற்றியும் இருந்தது. மற்றக் கடிதங்களையும் கேட்டார். கொடுத்தேன்.

அப்பாவுக்கு முன்பே எதிரியைக் கண்டுகொண்டவள் என்று பள்ளியில் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்கள். கமோல் ஐயாவும் கை தட்டினார். முதலில் ஆரம்பித்தவரே அவர்தான். அப்பா வேலைக்குப் போகிறார். அம்மா சாப்பிடுகிறாள். அவளுக்கு இப்போது ஒரே பிள்ளை.

இங்கே கடிதம் எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்காமல் குழுவிடம் கொடுத்துவிடுவேன்.

லுத்ஃபி,
செயலாளர், நவீன உலக வரலாற்று மாணவர் வட்டம்