ஒரு தடவைதான் வாசிப்பார்களாம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அண்ணனும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் கொதிக்கிறது.

மேற்படிப்பு நுழைவுத்தேர்வு நன்றாகப் போனதாக உங்கள் தங்கை போனில் சொன்னது பொய். நடந்ததை நான் சொல்கிறேன்.

பார்வை போன பிறகும் அவள் வகுப்பெடுப்பதை நிறுத்தவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தேர்வுக்கும் அதே பிடிவாதம்தான். நான் வாசிக்க, அவள் காய் நறுக்கிக்கொண்டே விடை சொல்வாள். எங்கே மூச்சு விட வேண்டும் என்றுகூட எனக்குப் பாடம் எடுத்தாள்.

தேர்வில் ஒற்றைப் பத்திக் கேள்விகளை எல்லாம் ஊதித் தள்ளிவிட்டாள். கடைசியில் வந்தது கணினித் திரை கொள்ளாத நீளம், ஆறு பத்தி. அதிலிருந்து நான்கு கேள்விகள். கண் உள்ளவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் மேலே போய்ப் பார்த்துக்கொள்வார்கள். இவளுக்கு வாசித்துக்காட்டத் தேர்வு மையத்தார் அமர்த்திய பெண் ஒரு தடவை வாசித்தாள். மூன்றாம் பத்தியை இன்னொரு முறை வாசிக்கும்படி இவள் கேட்டதும் மேற்பார்வையாளர் வந்து தடுத்துவிட்டார். ஒரு தடவைக்கு மேல் வாசித்தால் மற்றவர்களுக்கு அநியாயமாம். கூடுதல் நேரம்தான் கொடுத்திருக்கிறோமே என்றாராம். வாசிக்கக் கூடாதென்றால் அந்த நேரத்தில் விரலைச் சொடுக்கிக்கொண்டு உட்காருவதா, அக்கா?

அவள் சத்தம் போடவில்லை.

"அப்படின்னா மத்தவங்களும் ஒரு தடவைதான் படிக்கணும் சார். அவங்க திரையை மூடிட்டு வாங்க, எனக்கும் ஒரு தடவை போதும்" என்றாளாம்.

அவர் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். குத்துமதிப்பாக எதையாவது குறிக்கவும் மனமில்லாமல், நான்கையும் காலியாக விட்டாள். வாசித்த பெண்தான் வெளியே வந்து என்னிடம் சொன்னாள்.

புகார் கொடுத்தோம். நடந்தது விதிப்படிதான், வேண்டுமானால் கட்டணமில்லாமல் மறுபடி எழுதலாம் என்று பதில் வந்தது. காலை உடைத்துவிட்டுச் செருப்பு வாங்கித் தருகிற கதை.

இந்த நேரத்தில்தான் நீங்கள் அவளிடம், இருக்கிற வேலை போதாதா, உனக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டீர்கள். பாசத்தில் கேட்டீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மேற்பார்வையாளரால் முடியாததை உங்கள் பேச்சு செய்துவிட்டது. அன்று அவள் சாப்பிடவே இல்லை.

நான் அந்த அலுவலகத்தின் படியை நடந்தே தேய்த்தேன். நேற்று ஒருவழியாக எழுத்தில் கொடுத்தார்கள்: மறுதேர்வில் எத்தனை முறை வேண்டுமானாலும் வாசித்துக்காட்டலாம், ஆனால் இவருக்கு மட்டும். வாசித்துக்காட்டினேன். அன்று பக்கத்து அறையில் எழுதினார்களே என்னைப் போல இரண்டு பேர், அவர்களுக்கு என்று கேட்டாள். எல்லோருக்கும் சேர்த்துத் தராவிட்டால் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றுவிட்டாள்.

இன்னும் கொடுக்கவில்லை. அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். அவள் சொல்வது நியாயம். இந்த வாய்ப்பும் போய்விட்டால் என்ற நினைப்புதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஒரு தடவை கூப்பிடுங்கள், அக்கா. தேர்வைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். நீ எதைச் செய்தாலும் உன் பக்கம்தான் நிற்போம் என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் எனக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்