நான் ஊற்றாமல் விட்ட ஆயில்

என் ஆசை மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. முதலியார்பேட்டை ஷெட்டில் இன்று உன் பங்கு வேலையையும் நானேதான் செய்தேன். நாலு சக்கரமும் இழுக்கிற அந்த வெள்ளைக் கார் திரும்ப வந்துவிட்டது, மச்சான். இத்தனை நாளும் லாஸ்பேட்டையில் அந்த வாத்தியார் வீட்டு வாசலிலேயே கிடந்ததாம். பின்சக்கரத்துக்கு இழுவையைப் பிரித்து அனுப்புகிற பெட்டி, நம்ம பி.டி.யூ., புதுசு இப்போதுதான் கிடைத்ததாம்.

ஜாக்கியில் ஏற்றித் தள்ளினால் பல்லோடு பல் சேரவே இல்லை, சனியன். போல்ட்டை முடுக்கியே உள்ளே இழுத்துவிடலாமா என்றுகூடப் புத்தி போனது. "போல்ட்டால இழுத்தா விரிசல் வுட்டுடும் மாப்ளே" என்று நீ கத்துவாயே. இறக்கி, ஆயில் சீலைத் துடைத்து, மறுபடி ஏற்றினேன். அதற்கென்று உள்ள தனி ஆயிலையும் ஊற்றி, விரல் விட்டு இரண்டு முறை பார்த்தேன்.

வாத்தியார் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஏழுமலை கை வைக்கலையே? போன தடவ ஆயில் ஊத்த மறந்த ஆளாச்சே!"

ஆயில் ஊற்றியவன் டயரில் சாக்பீஸால் சுழி போட வேண்டும் என்பது நம் ஷெட் வழக்கம். அன்று நான் முதலில் சுழியைப் போட்டேன், போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டேன். சுழியை நம்பி நீ வண்டியைக் கொடுத்தனுப்பினாய். திண்டிவனம் போவதற்குள் பெட்டி எரிந்தது. அவர் வந்து கத்தியபோது நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "என் தப்புதான் சார்" என்றாய். தங்கச்சி புருஷன் தலை குனியக் கூடாதென்றா? நானும் பாவி, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இன்று சொல்லிவிட்டேன். "அவன் செத்துட்டான் சார். மறந்தது நான்" என்றேன். அவர் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு, "வீட்ல தெரியுமாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

தெரியாது, மச்சான். "உன்னால அவரு பேரும் சேந்து கெட்டுச்சு" என்று சொல்லி, கடைசிவரை உன்னோடு பேசாமலே இருந்தாளே உன் தங்கச்சி வசந்தா, அவளுக்கு இன்றுவரை தெரியாது. நீ எத்தனை தரம் வாசல்வரை வந்து திரும்பிப் போனாய்! அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் சொல்லியிருக்கக் கூடாதா?

இன்று வீட்டுக்குப் போனதும், கைகூடக் கழுவாமல், அவளிடம் சொல்வேன். இது சத்தியம். அவள் அடித்தாலும், என்னை விட்டுப் போனாலும் சரி. உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் காலைக் கட்டிக்கொண்டு, "உன்ன மன்னிச்சுட்டேண்ணா, எழுந்து வாண்ணா" என்று அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

உன் தங்கச்சி புருஷன்,
குமார்