ஒரு கிலோ ஈயம்

வியதானா,
செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் லோரிஸுக்கு அம்மா எழுதுவது. சேசுவின் திரு இருதயம் உன்னை அந்தக் கடல் கடந்த ஊரிலும் தன் நிழலில் வைத்திருக்கட்டும். இங்கே நானும் அப்பாவும் உடம்பால் சுகம். உன் தங்கை இலாரியாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது அப்படியே எழுத வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் குரல் கேட்டதும் அப்பா வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறார். போனில் எழுதி அனுப்பினாலும் அவர்தான் முதலில் படிக்கிறார். இந்தக் காகிதத்தை மட்டும் தொட மாட்டார். நீ இதைச் சாப்பிட்டுவிட்டு, வேலைக்குப் போகிற அவசரம் இல்லாத நேரத்தில் படி.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா உனக்கு ஒரு படம் அனுப்பினார் அல்லவா, ஏரிப் பக்கத்துத் தடத்தில் இலாரியா பந்தய உடைக்கு மேலே உன்னுடைய பழைய நீல விலாக் கவசத்தை மாட்டிக்கொண்டு தன் கோ-கார்ட் பந்தய வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற படம். என் கவசம் இன்னும் பந்தயம் ஓடுகிறதா என்று கேட்டு நீ சந்தோஷப்பட்டு எழுதியிருந்தாய். அப்பா அதைக் கூடாரம் கூடாரமாகக் கொண்டுபோய் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். அண்ணன் ஞாபகமாகப் போட்டுக்கொள்கிறேன் என்று அவள் சொன்னதை அவர் நம்பினார், நீயும் நம்பினாய். அது ஞாபகத்துக்காகப் போட்டது இல்லை, ராசா. சனிக்கிழமை மூன்றாவது தகுதி ஓட்டத்தில் பின்னால் வந்த ஒருவன் இடித்து அவள் வண்டி ஓரக்கல்லின் மேல் ஏறி இறங்கியது. இருக்கை விளிம்பு வலது விலாவில் ஏறியிருக்கிறது. அவள் வாயே திறக்கவில்லை. இறங்கி, எடை பார்த்து, கூடாரத்துக்கு வந்து, நான் சுட்டு வைத்திருந்த சோளமாவுப் பொலெண்டாவைத் தின்றாள். இடது கையால் தின்றாள். அதை நான் பார்த்தேன், பார்த்தும் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு என்னிடம் வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னி விடும்மா என்றாள். ஒன்பது வயதுக்குப் பிறகு அவள் தலைமுடியில் நான் கை வைத்ததே இல்லை, உனக்குத் தெரியும், சீப்பைக் கொண்டு போனாலே கத்துவாள். பின்னிக்கொண்டே மெதுவாக விலாவில் விரலை வைத்தேன். சத்தம் போடவில்லை, ஆனால் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. கையைத் தூக்கு என்றேன், தோளுக்கு மேலே போகவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும். டாக்டர் காதுல விழுந்தா ஹெல்மெட்டைப் பிடுங்கி வெச்சுடுவாங்க. அப்பாகிட்டயும் மூச்சு விடாதே. பெல்ஜியத்துக்காரர் பாக்க வர்றார்மா,” என்றாள். அந்தப் பெல்ஜியத்துக்காரர் ஒரு பெரிய அணியின் முதலாளி. முதல் பத்து இடத்துக்குள் வந்தால் மறுநாளே அதே தடத்தில் தன் வண்டியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வேன், பிடித்தால் அடுத்த வருஷம் என் அணியில் இடம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அவள் தன் மெல்லிய கவசத்தை உள்ளே போட்டு, உன் தடித்ததை அதன் மேலே மாட்டினாள்.

போன வருஷம் அதிகாரியின் மேல் தொப்பியை வீசியதிலிருந்து அப்பாவுக்கு உரிமச் சீட்டு இல்லை என்பது உனக்குத் தெரியும். (பக்கத்துக் கூடாரத்து நாப்போலிக்காரி அசுந்தா இன்னும் அவரைக் கண்டால், “எர்மெஸ், தொப்பி பத்திரம்! இன்னிக்கு காத்து பலமா இருக்கு!” என்றுதான் கூப்பிடுகிறாள்.) இப்போது இலாரியாவுக்குப் பொறுப்பாளி என்று சீட்டு என் பெயரில் இருக்கிறது, எதற்கும் கையெழுத்து நான்தான். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அன்று ஓட முடியாது. மருத்துவ வண்டி எங்கள் கூடாரத்திலிருந்து முப்பது அடிதான். போனேன். அந்த டாக்டர் பெண் நல்ல முகமாக, “என்னம்மா வேணும்?” என்று கேட்டாள். தலைவலிக்கு ஒரு மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அந்த மாத்திரை இன்னும் என் ஏப்ரன் பையில் கிடக்கிறது.

இனி எடைக் கணக்கு. உனக்குத் தெரிந்ததுதான், நீதானே எனக்கு அந்த நோட்டைப் போடக் கற்றுக்கொடுத்தாய், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். பந்தயம் முடிந்து தராசில் ஏறும்போது வண்டியும் ஓட்டுகிறவரும் மேலே மாட்டியதும் எல்லாம் சேர்த்து நூற்று நாற்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. இவள் நோஞ்சான் என்பதால் இருக்கையில் ஈயக்கட்டிகளை முடுக்கி, எப்போதும் அரைக் கிலோ மிச்சம் இருக்கிற மாதிரி வைத்திருப்போம். உன் கவசம் ஒரு கிலோ நூறு கிராம். அது கூடியதும் அப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “பாத்தியா நீவெஸ், அண்ணன்காரன் நியூசிலாந்துல இருந்துக்கிட்டே எடை கூட்டிக் குடுக்கிறான்!” என்று சிரித்துக்கொண்டே ஒரு கிலோ கட்டி ஒன்றைக் கழற்றிவிட்டார். இருக்கையில் இருக்கிற ஈயத்தைவிட உடம்பில் இருக்கிற எடை வளைவில் நன்றாக வேலை செய்யும் என்பது அவர் எண்ணம். நான் நோட்டில் எழுதினேன். கவசத்தோடு நூற்று நாற்பது கிலோ அறுநூறு. கவசம் இல்லாமல் நூற்று முப்பத்தொன்பது ஐந்நூறு. என் கையால் எழுதினேன் லோரிஸ், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில்.

இறுதிப் பந்தயத்தில் பத்தொன்பதாவது இடத்திலிருந்து கிளம்பினாள். நான் வேலிப் பக்கம் திரும்பி நின்று ஜெபமாலை உருட்டினேன், எந்த மணியில் நிற்கிறேன் என்றே தெரியாமல் போய்விட்டது, எனக்கு அப்படி எண்ணிக்கை தவறியதே இல்லை. ஒவ்வொரு முறை வண்டிகள் இரைந்து போகும்போதும் அந்தத் தடத்து மேடுபள்ளமெல்லாம் என் விலாவில் ஏறி இறங்கியது. அசுந்தாதான் என் காதில் கத்திக்கொண்டிருந்தாள், “பதினஞ்சு! பன்னெண்டு! ஏ, கண்ணைத் தொறந்து பாரு, பொண்ணா அது, பிசாசா!” என்று. ஒன்பதாவதாக முடித்தாள். அப்பா அழுதுவிட்டார், அந்தப் பெரிய ஆள், கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக் கரிபூசிக்கொண்டு நின்றார். பெல்ஜியத்துக்காரர் வந்து அவர் தோளைத் தட்டி, நாளைக் காலை ஒன்பது மணி, தாமதிக்க வேண்டாம் என்று சொன்னார். அதை நான் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் தராசுப் பக்கம் போனேன். இதை நீ நன்றாகக் கவனித்துப் படி.

பொறுப்பாளி என்பதால் என்னை வரிசை வரைக்கும் விடுவார்கள். அவள் எட்டு வண்டிகளுக்குப் பின்னால் நின்றிருந்தாள், ஹெல்மெட் கையில், உதடு வெளுத்து, மூச்சைப் பாதி பாதியாக இழுத்துக்கொண்டு. என்னைக் கண்டதும், “அம்மா, முட்டுது, கழட்டி விடேன்,” என்றாள். தராசில் ஏறும் முன் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது, அது அவளுக்கும் தெரியும், ஆனால் அப்போது அவளுக்கு எதுவும் தெரியவில்லை, மூச்சு ஒன்றுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. பிள்ளை திணறும்போது எந்தத் தாய்தான் யோசிப்பாள் என்று நீ எனக்காகச் சொல்வாய். அப்படி எண்ணாதே. பட்டையை அவிழ்க்கும்போது என் நோட்டின் அந்தப் பக்கம் அப்படியே கண் முன்னால் இருந்தது, நூற்று முப்பத்தொன்பது ஐந்நூறு என்று. நாளைக் காலை ஒன்பது மணிக்கு இதே விலாவோடு மறுபடி ஓடுவாள் என்பதும் இருந்தது. பட்டையைக் கொஞ்சம் தளர்த்தி விட்டிருந்தாலே மூச்சு வந்திருக்கும். நான் முழுவதுமாகக் கழற்றி, மடித்து, என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை.

தராசு அதையேதான் காட்டியது. இரண்டாம் முறையும் ஏற்றினார்கள், அதேதான். தகுதி நீக்கம். காகிதத்தை என் முன்னால் வைத்தார்கள். அப்பா வேலிக்கு வெளியே நின்று, “கையெழுத்துப் போடாதே நீவெஸ்! தராசு பொய் சொல்லுது! ஆட்சேபம்னு எழுது!” என்று தொண்டை கிழியக் கத்தினார், தொப்பியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார், அசுந்தாதான் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். பெல்ஜியத்துக்காரர் மரியாதையாகக் கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை, வியாகுல மாதா திருநாள் அன்று, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு விலா எலும்பில் விரிசல். இன்னொரு இடி விழுந்திருந்தால் நுரையீரலில் குத்தியிருக்கும் என்றார்கள். ஆறு வாரம் வண்டியில் உட்காரக் கூடாது. பார்த்தாயா, நான் செய்தது சரிதான் என்று இதை வைத்து நான் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு நாள் சொல்லியும் பார்த்தேன், நிற்கவில்லை. சரியானது காலை எட்டு மணிக்கு அந்த டாக்டர் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல், பிள்ளையை உடைந்த எலும்போடு இருபது சுற்று ஓடவிட்டு, அவள் ஜெயித்து வந்த பிறகு யாருக்கும் தெரியாமல் கையிலிருந்து பிடுங்கினேன்.

விலா இறுதிப் பந்தயத்தில்தான் உடைந்தது என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். எடை குறைந்ததற்கு, தான் கழற்றிய ஈயம்தான் காரணம், கணக்கில் எங்கோ தவறிவிட்டேன் என்று அதையே பிடித்துக்கொண்டு கிடக்கிறார். அந்த ஒரு கிலோ கட்டியைக் கொண்டுவந்து சமையலறை மேசையில், ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எடுக்கவும் விடவில்லை. “இருக்கட்டும், என் புத்தி இங்கேயே இருக்கட்டும்,” என்கிறார். நேற்றுப் பூசணிப் பூரணம் வைத்துத் தொர்த்தெல்லி செய்தேன், நான்கோடு எழுந்துவிட்டார், உனக்குத் தெரியும் அவர் எத்தனை சாப்பிடுவார் என்று. இலாரியாவோ என்னைத் தனியாக அழைத்து, “உனக்கு அவசரத்துல ஞாபகம் வரலை, அவ்வளவுதானே. நான்தானே கழட்டச் சொன்னேன். அப்பாகிட்ட உன்னைக் காட்டிக்குடுக்க மாட்டேன்மா, நீ என்னைக் காட்டிக்குடுக்கலையே,” என்று என் தலையைத் தடவுகிறாள். பதிமூன்று வயது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேற்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சாமியார் ஃபவுஸ்தோ வழக்கமாக இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிடுவார், நேற்று எடைக் கணக்கை மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, “ஆண்டவர் மன்னிச்சுட்டார். ஆனா உன் வீட்டுக்காரர் எதுக்கும்மா உன் கட்டியைத் தூக்கிக்கிட்டு இருக்கணும்?” என்று கேட்டார். வரும் ஞாயிறு பூசை முடிந்து மேசையில் உட்காரும்போது இருவரிடமும் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் என்னோடு பேசாமல் போகலாம். அடுத்த வாய்ப்பு வருமோ வராதோ, அது என்னால் போனது என்று ஆயுசுக்கும் நினைக்கலாம். அதை நினைத்தால் என் வாய் கட்டிக்கொள்கிறது. அதனால்தான் முதலில் உனக்கு எழுதித் தபாலில் போடுகிறேன், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாதே.

நீ குளிருக்கு அந்தக் கம்பளி பனியனை உள்ளே போடு. பால் இயந்திரங்களைக் கழுவும்போது கையுறை இல்லாமல் கை வைக்காதே. கிறிஸ்தோபர் அர்ச்சிஷ்டவர் பதக்கத்தைக் கழற்றாதே, ஞாயிறு பூசையை விடாதே, உன் கவசத்தைத் துவைத்துக் காயவைத்து உன் அலமாரியிலேயே வைத்துவிட்டேன். மாதா உன் வழிகளையெல்லாம் நேராக்கி, உன் மேலும் உன் தங்கை மேலும் கை வைத்துக் காக்கட்டும்.

இது உன் கைக்கு வருவதற்குள் இரண்டு ஞாயிறாவது போயிருக்கும். கிடைத்த அன்றே போன் செய். வேறு எதுவும் கேட்காதே, அப்பாவிடம் அந்த ஈயக்கட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேள். பட்டறையில் இருக்கிறது என்றால் சாதாரணமாகப் பேசிவிட்டு வை. மேசை மேலேதான் இருக்கிறது என்றால், போனை என்னிடம் கொடுக்கச் சொல், நான் அவர்களிடம் சொல்லி முடிக்கிற வரைக்கும் வைக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
நீவெஸ்