டாக்டரம்மா வாங்கிய குடியுரிமை

பம்பாய்,
12 டிசம்பர் 1938

கண்ணியமிக்க உம்மாவுக்கு மகன் சைபுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டுவலி குறைந்ததா? "இவன் எப்பம்தான் வருவான் மக்கா? லீவு கேட்டானா இல்லியா?" என்று நீங்கள் கேட்பதாகத் தங்கச்சி ஜொஹரா எழுதியிருந்தாள்.

நான் கம்பவுண்டராக இருக்கும் மருந்தகத்தின் டாக்டரம்மா செல்மா, ஜெர்மனியில் யூதர்களை வேலையிலிருந்து விரட்டியபோது இங்கே வந்தவர். ஐந்து வருடம் காத்திருந்து, போன செவ்வாய்க்கிழமை இந்த நாட்டுக் குடியுரிமை பெற்றார். காகிதக் கட்டைச் சுமந்துகொண்டு நானும் சர்க்கார் ஆபீசுக்குக் கூடப் போனேன். சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டதும் குமாஸ்தாவிடம், "இதைக் காட்டி பெர்லினில் இருக்கும் என் அம்மாவை அழைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

"இது உங்களுக்கு மட்டும்தான். அவர்களுக்குத் தனியாக மனுப் போடுங்கள்" என்றார் அவர்.

அந்த மனுவை ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். டாக்டரம்மா மருந்தகத்துக்குத் திரும்பி வந்து, காத்திருந்த நோயாளிகள் எல்லோரையும் பார்த்து அனுப்பினார். பிறகு, "அம்மாவிடமிருந்து கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது, சைபு" என்றார்.

இப்போது லீவு கேட்க மனம் வரவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வர முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். குளச்சல் நெத்திலிக் கருவாடு கொஞ்சம் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அடுத்த கடிதத்தை ஜொஹரா எழுதி முடித்ததும், அதன் கீழே மை தொட்டு உங்கள் பெருவிரலைப் பதித்து அனுப்புங்கள் உம்மா. நீங்கள் இருக்கிறீர்கள் என்று நான் பார்த்துக்கொள்வேன்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள், முடிக்கிறேன்.

சைபுதீன்