அப்பாவின் மேசை

செவ்வாய், இரவு

மாமாவின் எதிரில் இன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அப்பா, உங்கள் மேசை வாதம் இனி நிற்காது."

அப்பாவின் நாத்திகம் மேசையில்தான் தொடங்கும். "தட்டுனா சத்தம் வருது, அதனால இது இருக்குது. உங்க சாமியத் தட்டிக் காட்டுங்க மச்சான்" என்பார். ஒகேனக்கல் மீனோடு வந்த மாமா, அம்மாவின் அண்ணன், இன்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

"அணுவுக்குள்ள எல்லாம் வெறும் எடந்தானாம் மாப்ள. கெட்டிப் பொருளே கெடையாதாம். உங்க பொண்ணு காலேஜ்ல அதத்தான நடத்துது, கேளுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். மீனைக் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். மாமா சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

"அப்ப சாமி இருக்குதுன்னு ஆயிடுமா கண்ணு?" என்று பிறகு அப்பா கேட்டார்.

"இல்லப்பா. ஆனா நீங்க நெனைக்கற மாதிரி கெட்டியான பொருளும் இல்ல. அடியில என்னதான் இருக்குதுன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல."

"அத அவரு எதிர்லயே சொல்றதுக்கென்ன? நான் ஒடஞ்சா போயிடுவேன்?"

முப்பது வருடமாக நாத்திகக் கூட்டங்களில் அப்பா சொல்லிவரும் சாட்சி அந்த மேசை. அவர் தோற்பதை மாமா பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

சாப்பிட்டதும் அப்பாவே மாமாவுக்குப் போன் செய்தார். மேசைச் சாட்சி செல்லாது என்றார். அதனால் சாமிக்குச் சாட்சி கிடைத்துவிடவில்லை என்றும் சொல்லிவிட்டு, போனை வைத்தார்.